இறப்பின் முதன்மைக் காரணம் ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது?

இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊருக்கு அருகே ஒரு மீனவக் குடியிருப்பில் அறுபது வயதைத் தொட்ட ஒருவர், விடியற்காலையில் தம் வீட்டிலேயே இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து, அவருடைய மைத்துனர் இறப்பைப் பதிவு செய்வதற்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் செல்கிறார். பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி எல்லாம் கேட்டு எழுதிக்கொண்ட அலுவலர், எதனால் இறந்தார் என்று கேட்கிறார். “ராத்திரி நல்லாத்தான் சார் பேசிக்கிட்டு இருந்தாரு மச்சான். விடியக்காலம் நெஞ்சடைச்சிருச்சு” என்று பதில் வருகிறது. படிவத்தில் ‘மாரடைப்பு’ என்று எழுதப்படுகிறது.

அந்த ஒரு சொல் அங்கிருந்து மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் போய், பல லட்சம் சொற்களோடு சேர்ந்து, ‘இந்தப் பகுதியில் மக்கள் பெரும்பாலும் எதனால் இறக்கிறார்கள்’ என்ற கேள்விக்கான விடையாகிறது. ஒரே நாட்டுக்குள் அந்த விடை மாநிலத்துக்கு மாநிலமும் மாவட்டத்துக்கு மாவட்டமும் மாறுகிறது. அது ஏன் மாறுகிறது, அந்த மாற்றத்தில் எது உண்மையான வேறுபாடு, எது கணக்கிடும் முறையால் தோன்றும் வேறுபாடு என்பதை இந்தக் கட்டுரை இராமநாதபுரம் கடற்கரையில் நின்று விளக்க முயல்கிறது.

முதலில் ‘காரணம்’ என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மூச்சு நிற்பதும் இதயம் நிற்பதும் எல்லா இறப்புகளுக்கும் பொதுவானவை. அவை இறப்பின் அடையாளங்களே தவிர காரணங்கள் ஆகமாட்டா. உலக சுகாதார நிறுவனம் கேட்பது அடிப்படைக் காரணத்தை, அதாவது இறப்பில் கொண்டுபோய் விட்ட நிகழ்ச்சிச் சங்கிலியைத் தொடங்கிவைத்த நோயை அல்லது காயத்தை. மேலே சொன்ன பெரியவருக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது, அதனால் சிறுநீரகங்கள் பழுதடைந்தன, கடைசி ஒரு மாதமாகக் கால்கள் வீங்கின, இறுதி இரவில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டியது என்றால், குடும்பத்தார் கண்ணால் கண்டது நெஞ்சடைப்புதான். ஆயினும் அடிப்படைக் காரணம் சர்க்கரை நோய். மருத்துவர் நிரப்பும் சான்றிதழில் இதற்காகவே காரணங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும் வரிகள் இருக்கின்றன: மேல் வரியில் உடனடிக் காரணம், அடுத்த வரியில் அதற்கு முந்தையது, கடைசி வரியில் எல்லாவற்றுக்கும் தொடக்கமானது. அந்தக் கடைசி வரியே புள்ளிவிவரத்துக்கு உயிர்நாடி. அதை வெற்றிடமாக விட்டுவிட்டு மேல் வரியில் ‘இதயச் செயலிழப்பு’ என்று மட்டும் எழுதினால், இறந்தவரைப் பற்றி அந்தத் தாள் ஏறக்குறைய எதுவுமே சொல்லவில்லை.

இந்தியாவில் இப்படி மருத்துவர் சான்றளித்த இறப்புகளின் பங்கு மிகக் குறைவு. 2020-ஆம் ஆண்டில் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்கு மட்டுமே மருத்துவச் சான்று இருந்தது. கோவாவில் ஏறக்குறைய எல்லா இறப்புகளுக்கும் சான்று கிடைக்கிறது. வட மாநிலங்கள் பலவற்றில் பத்தில் ஒன்றுக்குக்கூடக் கிடைப்பதில்லை. ஆகவே சான்றிதழ்களை மட்டும் கூட்டிப் பார்த்தால் நமக்குத் தெரிவது மருத்துவமனைகளில் இறந்தவர்களின் கதையே. வீட்டிலும் வயலிலும் கடலிலும் இறந்தவர்கள் அந்தக் கணக்கின் ஓரத்தில் நின்றுவிடுகிறார்கள்.

இந்தக் குறையை நிரப்ப ஒரு வழி உண்டு. நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த பகுதிகளில் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து கணக்கெடுக்கும் மாதிரிப் பதிவு முறையை இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் நடத்திவருகிறது. அப்பகுதிகளில் ஓர் இறப்பு நேர்ந்தால், பயிற்சி பெற்ற கள ஆய்வாளர் அந்த வீட்டுக்குச் சென்று, காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, மூச்சிரைப்பு முதலில் வந்ததா கால் வீக்கம் முதலில் வந்ததா, ஒரு பக்கம் செயலிழந்ததா, பேச்சு குழறியதா என்று குடும்பத்தாரிடம் பொறுமையாகக் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் மொழியிலேயே எழுதிக்கொள்கிறார். அந்த விவரத்தை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணத்தைத் தீர்மானிக்கிறார்கள். கருத்து மாறுபட்டால் மூத்த மருத்துவர் ஒருவர் முடிவு செய்கிறார். 1998 முதல் 2014 வரையிலான இறப்புகளை ஆராய்ந்த ‘பத்து லட்சம் இறப்புகள் ஆய்வு’ இம்முறையில் நடந்தது. பாம்புக்கடியை அது எப்படி வெளிக்கொணர்ந்தது என்பதைப் பார்த்தால் இம்முறையின் அருமை விளங்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்ற மதிப்பீடு இந்த ஆய்வின் வழியே கிடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வந்து சேராமலே இறந்த கிராமத்து மக்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டிராவிட்டால் அவர்கள் எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்கமாட்டார்கள்.

இனி வேறுபாடுகளுக்கு வருவோம். மாநில வாரியான நோய்ச்சுமையை, அதாவது நோயாலும் அகால இறப்பாலும் மக்கள் இழக்கும் நலமான ஆண்டுகளின் அளவை, முதன்முதலில் விரிவாக அளந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 1990-இல் நாட்டின் மொத்த நோய்ச்சுமையில் 61 சதவீதம் தொற்றுநோய்களாலும், பேறுகாலச் சிக்கல்களாலும், சத்துக்குறைவாலும் வந்தது. 2016-இல் அது 33 சதவீதமாகக் குறைந்து, இதய நோய், சர்க்கரை நோய், புற்றுநோய் போன்ற தொற்றாநோய்களின் பங்கு 55 சதவீதமாக உயர்ந்திருந்தது. ஆனால் இந்த மாற்றம் எல்லா மாநிலங்களிலும் ஒரே காலத்தில் நிகழவில்லை. தொற்றாநோய்கள் தொற்றுநோய்களை முந்திய ஆண்டு, முதலில் முந்திய மாநிலத்துக்கும் கடைசியில் முந்திய மாநிலத்துக்கும் இடையே ஏறக்குறைய கால் நூற்றாண்டு வேறுபட்டது. கேரளம், கோவா, தமிழ்நாடு ஆகியவை இந்தப் பாதையில் வெகுதூரம் சென்றுவிட்டன. பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் போன்றவை பின்னால் வருகின்றன. ஒரே காலண்டரைப் பார்க்கும் மக்கள், நோய்களைப் பொறுத்தவரை வெவ்வேறு காலங்களில் வாழ்கிறார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

தொற்றாநோய்களுக்குள்ளேயும் வட்டார முகங்கள் உண்டு. பக்கவாத இறப்புகள் வடகிழக்கு மாநிலங்களிலும் மேற்கு வங்கத்திலும் மிகுதி. இரைப்பைப் புற்றுநோய் மிசோரத்திலும், பித்தப்பைப் புற்றுநோய் கங்கைச் சமவெளியிலும் மற்ற இடங்களைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ராஜஸ்தான், உத்தரகாண்ட் போன்ற மாநிலங்களில் கடுமையாக இருக்கிறது. தென் மாநிலங்களில் இதயத் தமனி நோய் முன்னே நிற்பதோடு, தற்கொலை இறப்பு வீதமும் வட மாநிலங்களைவிட உயர்ந்திருக்கிறது. இதை நாம் மிகுந்த கவலையோடு பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் தொடக்கநிலை வாசகர் ஒருவர் பெரும்பாலும் தடுக்கி விழும் ஒரு குழி இருக்கிறது. மாதிரிப் பதிவு முறையின்படி 2020-இல் ஆயிரம் பேருக்குக் கேரளத்தில் 7.0 பேரும் பீகாரில் 5.4 பேரும் இறந்தனர். அப்படியானால் கேரளத்தைவிடப் பீகார் ஆரோக்கியமானதா? இல்லை. கேரளத்தில் முதியவர்கள் அதிகம். முதியவர்கள் அதிகம் உள்ள ஊரில் இறப்பும் அதிகமாகத்தான் இருக்கும். இதைக் கற்பனையான ஒரு கணக்கால் பார்ப்போம். கிழக்கூர், மேற்கூர் என்று தலா 10,000 பேர் வாழும் இரண்டு ஊர்கள். கிழக்கூரில் 60 வயதைக் கடந்தவர்கள் 2,000 பேர், மற்றவர்கள் 8,000 பேர். மேற்கூரில் முதியவர்கள் 500 பேர், மற்றவர்கள் 9,500 பேர். கிழக்கூரில் ஆண்டுக்கு ஆயிரம் முதியவர்களில் 10 பேரும், மற்றவர்களில் ஆயிரத்துக்கு ஒருவரும் இதய நோயால் இறக்கிறார்கள். மொத்தம் 28 இறப்புகள். மேற்கூரில் ஆயிரம் முதியவர்களில் 14 பேரும், மற்றவர்களில் ஆயிரத்துக்கு இருவரும் இறக்கிறார்கள். மொத்தம் 26 இறப்புகள். எந்த வயதை எடுத்தாலும் மேற்கூரில்தான் ஆபத்து அதிகம். ஆனால் மொத்த எண்ணிக்கை கிழக்கூரைக் குற்றவாளியாக்குகிறது.

இதைச் சரிசெய்யும் முறைக்கு வயதுச் சீராக்கம் என்று பெயர். இரண்டு ஊர்களிலும் 1,000 முதியவர்களும் 9,000 மற்றவர்களும் இருப்பதாக ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு, அந்தந்த ஊரின் வயதுவாரி வீதங்களைப் பொருத்திப் பார்த்தால், கிழக்கூருக்கு 19 இறப்புகளும் மேற்கூருக்கு 32 இறப்புகளும் வருகின்றன. உண்மை நிலவரம் அப்போதுதான் தெரிகிறது. எந்தப் பகுதிகளை ஒப்பிடும் செய்தியைப் படித்தாலும், அதிலுள்ள எண் வயதுச் சீராக்கம் செய்யப்பட்டதா என்று முதலில் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதேபோல, ‘மொத்த இறப்புகளில் இத்தனை சதவீதம்’ என்ற எண்ணையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். சதவீதங்கள் எப்போதும் நூறில் முடிகின்றன. ஓர் ஊரில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு இறப்புகள் குறைந்துவிட்டால், இதய நோயாளி ஒருவர்கூடக் கூடாமலேயே இதய நோயின் சதவீதம் ஏறிவிடும்.

வயதைச் சீராக்கிய பிறகும் மிஞ்சும் வேறுபாட்டுக்கு, மக்கள் எவற்றுக்கு நடுவே வாழ்கிறார்கள், நோய் வந்தபின் எவ்வளவு விரைவில் சிகிச்சை கிடைக்கிறது என்ற இரண்டும் பெரும் காரணங்கள். இவற்றைக் காண இராமநாதபுரத்தைவிட நல்ல இடம் அமைவது அரிது. மாவட்டத்தின் கடற்கரை ஏறக்குறைய 237 கிலோமீட்டர் நீளமுடையது. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அமைதியான ‘பெண் கடல்’, தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அலை மிகுந்த ‘ஆண் கடல்’ என்று மீனவர்களே பிரித்துப் பேசும் இரண்டு கடல்கள் இங்கே உள்ளன. கரையோரத்தில் கருவாடு காய்கிறது, வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கிறது, பெண்கள் தீவுகளை ஒட்டிக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள், பனையேறிகள் பருவம் தவறாமல் மரம் ஏறுகிறார்கள். சற்று உள்ளே போனால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். இவை ஒவ்வொன்றும் உடலில் ஒவ்வொரு விதமாகப் பதிகிறது. உணவில் உப்பு கூடினால் இரத்த அழுத்தம் கூடும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. குடிநீரிலேயே உப்பு ஏறிய வங்கதேசக் கடலோரத்தில், கர்ப்பிணிகளின் உயர் இரத்த அழுத்தத்துக்கும் அந்நீருக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் நம் கரையோரச் சிற்றூர்கள் இந்தச் செய்தியைக் கவனிக்க வேண்டும். மூட்டத்தின் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவரின் நுரையீரல் மெல்ல மெல்லப் பழுதாகும். பனையிலிருந்து விழுந்து இறப்பது ‘தற்செயலான வீழ்ச்சி’ என்ற வகையில் சேர்கிறது. பனையே இல்லாத மாவட்டத்தில் அந்த வகைக்குள் முற்றிலும் வேறு கதைகள் இருக்கும்.

அடுத்தது தூரம். மாரடைப்பு வருவது ஒரு செய்தி. அதனால் இறப்பது வேறொரு செய்தி. நோய் வரும் வீதம் சமமாக உள்ள இரண்டு ஊர்களில், இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து விரைவில் கிடைக்கும் ஊரில் இறப்பு குறைவாக இருக்கும். இரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு அந்த மருந்தை ஏறக்குறைய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர், மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை, தீவிலிருந்து நோயாளியைக் கரைசேர்க்க ரயிலையோ படகையோதான் நம்ப வேண்டியிருந்தது. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2022 ஜனவரியில் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் நிமிடங்களைக் குறைத்திருக்கின்றன. ஆயினும் கடலில் பல மணி நேரத் தொலைவில் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்பவருக்கு, கரை வந்து சேர்வதற்கே சிகிச்சைக்கு உரிய அருமையான நேரம் போய்விடுகிறது.

இந்தத் தூரம் கணக்கையும் குழப்புகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். இராமேசுவரத்தில் பிறந்த முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் உரையாற்றிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்து இறந்தார். அவருடைய உடல் இராமேசுவரத்தை அடுத்த பேக்கரும்பில் அடக்கமானது. ஆனாலும் இறப்பு நிகழ்ந்த இடம் என்ற வகையில் அது மேகாலயாவைச் சேர்ந்தது. இதுவே நம் கரையோரத்தில் நாள்தோறும் சிறிய அளவில் நடக்கிறது. ‘மதுரைக்கு எழுதிட்டாங்க’ என்று சொல்லிக்கொண்டு குடும்பத்தார் ஆம்புலன்ஸில் ஏறுகிறார்கள். நோயாளி அங்கே இறந்தால், நிகழ்ந்த இடத்தை மட்டும் பார்க்கும் பட்டியலில் மதுரையின் எண்ணிக்கை கூடுகிறது, அவர் வாழ்ந்த ஊரின் எண்ணிக்கை குறைகிறது. வழியில் இறந்தாலோ, ஊர்தி முதலில் நிற்கும் இடத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. பெரிய மருத்துவமனைகள் உள்ள நகரங்கள் நோய் மிகுந்தவை போலவும், அவை இல்லாத மாவட்டங்கள் நலமானவை போலவும் சில வரைபடங்களில் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். நல்ல ஆய்வாளர்கள் இறந்தவர் வழக்கமாக வசித்த இடத்தின்படி மறுபடி வகைப்படுத்திய பிறகே ஒப்பிடுகிறார்கள்.

கடலோரத்துக்கே உரிய இன்னொரு விடுபாடும் உண்டு. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கரை ஒதுங்கவில்லை என்றால், அது உடனடியாக இறப்பாகவே பதிவாவதில்லை; காணாமற்போனவராகவே அவர் நிற்கிறார். ஏழு ஆண்டுகள் அவரைப் பற்றிய செய்தி எதுவும் இல்லாவிட்டால் இறந்ததாகக் கருதலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. அதுவரை அவருடைய மனைவிக்கு இறப்புச் சான்றிதழும் இல்லை, அதைக் கொண்டு பெற வேண்டிய உதவிகளும் எளிதில் இல்லை. புள்ளிவிவரத்திலோ, கடலில் மூழ்கி இறந்தோர் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைந்து காட்டுகிறது. பிழை என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துபோகும் இடத்தில் ஒரு குடும்பம் ஏழு ஆண்டுகள் காத்திருக்கிறது.

எந்த ஆண்டை எடுத்துக்கொள்கிறோம் என்பதும் விடையை மாற்றும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் உட்பட அந்த ஒரே இரவில் பலியானவர்கள், அந்த வட்டாரத்தில் மற்றெல்லாக் காரணங்களாலும் அவ்வாண்டு இறந்தவர்களைவிட மிகுதியாக இருந்திருப்பார்கள். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது; இலங்கைத் தீவு மறைத்து நின்றதால் இராமநாதபுரத்தில் உயிரிழப்பு மிகச் சிலவே. அந்த ஓர் ஆண்டை மட்டும் வைத்து இரண்டு மாவட்டங்களையும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் வருவோம். சிறிய ஊர்களில் ஒரே ஒரு படகு விபத்துகூடப் பட்டியலின் வரிசையைப் புரட்டிவிடும் என்பதால், பல ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி பார்ப்பதே முறை.

வகைப்படுத்தும் விதத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எல்லாப் புற்றுநோய்களையும் ஒன்றாகச் சேர்த்தால் அது பட்டியலில் மேலே ஏறும். வாய், கருப்பைவாய், இரைப்பை என்று உறுப்புவாரியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் கீழே இறங்கும். ‘முதன்மைக் காரணம்’ என்ற தலைப்பைக் கண்டதும், வகைகள் எப்படிப் பிரிக்கப்பட்டன என்பதை அடிக்குறிப்பில் தேடிப் பார்ப்பது நல்லது. வயதுப் பிரிவும் அப்படியே. நாடு முழுவதற்கும் இதய, இரத்தக்குழாய் நோய்கள் முதலிடத்தில் இருந்தாலும், 15 முதல் 29 வயது வரையிலான இளைஞர்களிடையே முதலிடம் தற்கொலைக்கு என்பதை அண்மைய மாதிரிப் பதிவு அறிக்கை காட்டுகிறது. ஊர்ச் சராசரியில் இந்த இளைஞர்கள் மறைந்துபோகிறார்கள்.

மறுபடி அந்த மைத்துனர் உட்கார்ந்திருக்கும் மேசைக்கே வருவோம். அவரிடம் இன்னும் சில கேள்விகள் கேட்கப்படும். இறந்தவர் புகைபிடித்தாரா, புகையிலை மென்றாரா, பாக்கு போடுவாரா, மது அருந்தினாரா, எத்தனை ஆண்டுகளாக என்று படிவத்தில் தனித்தனியே இடம் உண்டு. இறந்தவரைப் பற்றிக் குறைவாகச் சொல்லக்கூடாது என்ற மரியாதையால் ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லை சார்’ என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. இரவெல்லாம் கடலில் விழித்திருக்கப் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்ளும் வழக்கம் அந்தத் தாளில் ஏறாமலே போய்விடுகிறது. அந்த விவரங்கள் புள்ளிவிவரத்துக்காக மட்டும் கேட்கப்படுகின்றன. குடும்பத்தாருக்குக் கிடைக்கும் இறப்புச் சான்றிதழில் அவையும் வாரா, இறப்பின் காரணமும் வாராது. ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்வதால் இறந்தவருக்கு எந்தக் குறையும் நேராது. அவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றால் அந்த மருந்துச் சீட்டையும், அவரைக் கடைசியாகப் பார்த்த மருத்துவர் தந்த சான்றையும் கையோடு எடுத்துச் செல்லலாம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மருத்துவமனையில் நிகழும் இறப்புக்குக் காரணச் சான்று தருவதும், அதன் படி ஒன்றை நெருங்கிய உறவினருக்குக் கொடுப்பதும் மருத்துவமனையின் கடமை. இறப்பு நிகழ்ந்த 21 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும். மதுரையில் இறந்தவருக்காக மதுரையில் படிவம் நிரப்பும்போது, அவர் வழக்கமாக வசித்த ஊர் எது என்ற கேள்விக்குத் தற்காலிகமாகத் தங்கிய உறவினர் வீட்டு முகவரியைக் கொடுக்காமல், தொண்டி என்றோ பாம்பன் என்றோ அவருடைய சொந்த ஊரையே எழுதச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவருடைய இறப்பு அவர் வாழ்ந்த கரையின் கணக்குக்குத் திரும்பி வருகிறது.